குதிரை எப்படித் திரையானது: சொல்விளையாட்டுக் குறிப்புகளை அவிழ்க்கும் முறை

வார இதழ்களில் வரும் வழக்கமான குறுக்கெழுத்துப் புதிரைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவதாகவும், சொல்விளையாட்டுக் குறிப்புகள் கொண்ட புதிரில் மட்டும் விடை வெளியான பிறகும் அது எப்படி விடையாகும் என்று விளங்குவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உதாரணமாக, ‘தலையிழந்த குதிரை கரையில் வந்து விழும் (2)’ என்ற குறிப்புக்கு ‘திரை’ என்று விடை தந்திருக்கிறார்கள், இது என்ன நியாயம் என்று கேட்கிறீர்கள். நியாயம் இருக்கிறது. நீங்கள் அந்த வாக்கியத்தைப் படித்ததும் கடற்கரையில் ஒரு முண்டக் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். புதிர் ஆசிரியர் விரும்பியதும் அதுதான். ஆனால் அவர் எழுதியது குதிரை என்ற விலங்கைப் பற்றியன்று, ‘குதிரை’ என்ற மூன்று எழுத்துகளைப் பற்றி. அந்தச் சொல்லின் தலை ‘கு’. அதை வெட்டினால் மிஞ்சுவது ‘திரை’. திரை என்றால் அலை. கரையில் வந்து விழுவது அலைதானே? அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2, விடையின் எழுத்து எண்ணிக்கை.

இந்த ஒரு குறிப்பிலேயே முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் விடைக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர்ப்பொருள்: விடைச் சொல்லுக்கு அகராதி தரக்கூடிய பொருளோ, அதைச் சற்றுச் சுற்றி வளைத்துச் சொல்லும் தொடரோ. மற்றொன்று கட்டுமானம்: விடையின் எழுத்துகளை எங்கிருந்து எடுத்து எப்படி அடுக்க வேண்டும் என்னும் செய்முறை. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் ஒருபோதும் வராது. இரண்டுக்கும் இடையே அதிகபட்சம் ஓர் இணைப்புச் சொல் இருக்கலாம். வேறு எந்தச் சொல்லும் வீணாக நிற்கக் கூடாது. வழக்கமான புதிரில் ஒரே வழிதான், பொருள் தெரியாவிட்டால் வாசல் அடைத்துவிடும். இங்கே இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் முட்ட வேண்டும் என்பதால், உண்மையில் இதுதான் எளிய புதிர் என்று நான் வாதாடுவேன். சரியான விடையைக் கண்டவுடன் அது சரியென்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

குறுக்கெழுத்து பிறந்தபோது இந்த வேலையெல்லாம் இல்லை. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஆர்தர் வின், நியூயார்க் வேர்ல்டு நாளேட்டின் 1913 டிசம்பர் 21 ஞாயிறு இதழுக்காக வைர வடிவில் அமைத்த முதல் புதிரில் நேர்ப்பொருள் மட்டுமே கேட்கப்பட்டது. சொல்லை உடைத்துக் கட்டும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1926 முதல் லண்டன் அப்சர்வர் ஞாயிறு இதழில் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ் இவ்வகைப் புதிர்களை அமைத்தார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்குமாடா; ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தி மக்களை வதைத்தவரின் பெயர் அது. தம் வாசகர்களை என்ன பாடு படுத்தப்போகிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை. பின்னர் ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் எழுதிய மற்றொருவர் இந்தக் கலைக்கு ஒரு நெறியை வகுத்தார்: புதிர் ஆசிரியர் எழுதியதற்கு மேலோட்டமான பொருளே அவர் கருத்தாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் கருதியது எழுத்துக்கு எழுத்து அந்தக் குறிப்பில் இருந்தாக வேண்டும். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. தமிழில் இத்தகைய புதிர்கள் குறைவு; நம் நாளேடுகளும் வார இதழ்களும் பெரும்பாலும் நேர்ப்பொருளோடு நின்றுவிட, வட அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழ்தான் இவ்வகையைத் தொடர்ந்து வெளியிட்டுத் தமிழில் பழக்கியது. ஆங்கில நாளேடான தி இந்துவின் புதிரில் கைபழகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தவர்களும் உண்டு. அப்படி வருபவர்கள் முதலில் தடுமாறுவது, ஆங்கிலத்தில் கற்ற தந்திரங்களை அப்படியே தமிழில் தேடுவதால்தான்.

ஒரு குறிப்பை முழுதாக அவிழ்த்துக் காட்டுகிறேன். ‘மதுரையில் கடையை மூடிய பின்னும் கிடைக்கும் கள் (2)’. படித்தவுடன் மதுவிலக்கு, கறுப்புச் சந்தை, காவல்துறை என்று மனம் ஓடும். அதை ஓடவிட்டு, நீங்கள் பின்தங்கி நில்லுங்கள். நேர்ப்பொருள் இரு முனைகளில் ஒன்றில் இருக்க வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் ‘மதுரை’, அந்நகருக்கு இரண்டெழுத்தில் வேறு பெயர் தோன்றவில்லை. முடிவில் ‘கள்’. இது தனிச்சொல்லாக நிற்பதால் பன்மை விகுதியாக இருக்க முடியாது, பனையில் இறக்கும் கள்தான். இனி நடுவில் இருப்பது செய்முறை. ‘கடை’ என்ற சொல் பேச்சில் அங்காடியைக் குறிக்கும், இலக்கியத்தில் இறுதியைக் குறிக்கும். மதுரையில் கடை எது? ‘ரை’. அதை மூடிவிட்டால் ‘மது’. கள்ளுக்கு மது என்று பெயர். இரு வழியும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதலாம்.

இதில் நீங்கள் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடிய ஒன்று உண்டு, அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான சங்கதி. ‘மதுரையில்’ என்பதிலுள்ள ‘இல்’ உருபையும், ‘கடையை’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபையும் பாருங்கள். எந்தச் சொல்லுக்குள் வேலை நடக்கிறது, எந்தப் பகுதிமேல் நடக்கிறது என்பதை அவை இரண்டும் துல்லியமாகச் சொல்லிவிட்டன. ஆங்கிலப் புதிரில் தனிச்சொற்கள் செய்யும் இந்த வேலையைத் தமிழில் வேற்றுமை உருபுகள் செய்கின்றன. ‘இல்’, ‘உள்’ என்றால் உள்ளே தேடு அல்லது உள்ளே செருகு. ‘ஓடு’, ‘உடன்’ என்றால் ஒட்டிச் சேர். ‘இன்றி’, ‘இழந்து’, ‘நீங்கி’ என்றால் எடுத்துவிடு. ஆகவே சொற்களின் பொருளில் மயங்குவதற்குமுன் உருபுகளை அடிக்கோடிட்டுப் பழகுங்கள். ‘நாடக விதைக்குள் உறங்கும் செய்யுள் (3)’ என்று ஒரு குறிப்பு இருந்தால், ‘க்குள்’ என்பதைக் கண்டதும் முன்னிருக்கும் ‘நாடக விதை’யின் இடைவெளியை அழித்துவிட்டு எழுத்துகளை வரிசையாகப் படியுங்கள்: நா, ட, க, வி, தை. உள்ளே ‘கவிதை’ முழுதாக உறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒளித்துவைப்பது எளிதாகத் தோன்றும். புதிர் அமைப்பவரைக் கேட்டால்தான் வலி தெரியும். தமிழில் இரண்டு சொற்கள் பக்கத்தில் வந்தால் சும்மா இருப்பதில்லை. மரகதத்தை ஒளித்துவைக்க ‘அமர’, ‘கதம்பம்’ என்ற இரண்டு சொற்கள் அருமையாகப் பொருந்தும் என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் ‘கூந்தலில் அமரக் கதம்பம்’ என்றுதான் எழுத வேண்டும். ஒற்று மிகுந்து நடுவே ‘க்’ வந்து உட்கார்ந்ததும் மரகதம் உடைந்துபோகிறது. ஒற்றை விட்டுவிட்டு எழுதினால் புதிர் பிழைக்கும், தமிழ் செத்துவிடும். அதேபோல் ‘தலையணை’யைத் தலை, அணை என்று இரண்டாகப் பிரித்துக் குறிப்பு எழுதினால், இடையில் இருக்கும் யகரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். உடம்படுமெய்யாக வரும் ‘ய’, ‘வ’ இரண்டையும் இலக்கணமே தருவதால் அவற்றை ஏற்கலாம் என்பது என் கட்சி. ஏற்க மாட்டேன் என்பவர்களும் உண்டு. எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு புதிரில் ஒரே நெறி இருக்க வேண்டும். விடை காண்பவராகிய நீங்கள் செய்ய வேண்டியது, எழுத்து ஒன்று குறைகிறது என்றால் அது ஒற்றா, உடம்படுமெய்யா என்று ஒருமுறை பார்ப்பது.

அடுத்து உடலுறுப்புகள். தலை, முகம், வாய் என்றால் முதலெழுத்து. இடை, வயிறு, நெஞ்சு, உள்ளம் என்றால் நடுவெழுத்து. கடை, அடி, வால் என்றால் கடைசி எழுத்து. ‘இடையிழந்த கடல் சிற்பியின் கைக்கு வரும் (2)’ என்றால் ‘ட’வை நீக்கிய ‘கல்’. இவை பழகிவிடும். பழகாதது ‘கால்’. நான் இந்தப் பைத்தியம் பிடித்த புதிதில் ஒரு கால் குறிப்பில் மூன்று நாள் சிக்கிக் கிடந்தேன், காரணம் அந்தச் சொல் குறைந்தது மூன்று வேடம் போடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் வேடம், சொல்லின் அடி, அதாவது கடைசி எழுத்து. இரண்டாவது, ஆகாரத்துக்காக நாம் போடும் துணைக்கால். ‘காலொடிந்த பாடம் சுவரில் தொங்கும் (3)’ என்றால், ‘பா’வின் துணைக்கால் ஒடிந்து ‘படம்’ ஆகிறது. கால் இருந்தால் கொம்பும் இருக்க வேண்டுமே? ‘பட்டிக்குக் கொம்பு முளைத்தால் பூட்டி வைக்கலாம் (3)’ என்பதில் மாட்டுப்பட்டியையும் மாட்டுக் கொம்பையும் நினைத்தால் தொலைந்தீர்கள். ஒற்றைக் கொம்பைச் சேர்த்தால் அது ‘பெட்டி’. ஓர் உயிர்மெய்யை உடைத்து அதன் குறியை மட்டும் தொடுவது சரியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கால், கொம்பு, புள்ளி என்று குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சம்மதம், சொல்லாமல் உடைத்தால் மோசடி.

கால் போடும் மூன்றாவது வேடம் பின்னத்துக்கு உரியது. தமிழ் எண்களில் எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஒருவரைத் திட்டுவது பலருக்கு நினைவிருக்கும். எட்டும் காலும் சேர்ந்தால் அவ. ஆக அது அவலட்சணம். அதே பாடலில் எமன் ஏறும் பரி என்றால் எருமை, கூரையில்லா வீடு என்றால் குட்டிச்சுவர். லண்டன்காரர்கள் கண்டுபிடிப்பதற்குப் பல காலம் முன்பே நாம் சொல்விளையாட்டுக் குறிப்பில் வசை பாடியிருக்கிறோம். இப்போது இந்தக் குறிப்பைப் பாருங்கள்: ‘கலைக்குள் கால் வைத்ததால் வந்த துயரம் (3)’. துயரம் என்பதற்கு மூன்றெழுத்தில் ‘வேதனை’ என்று எழுதலாம், ‘சோகம்’ என்றும் எழுதலாம். பொருளும் எண்ணிக்கையும் பொருந்துவதால் வழக்கமான புதிரில் இரண்டுமே தேறிவிடும். இங்கே ‘கலை’ என்ற இரண்டெழுத்துக்கு நடுவே ‘வ’வைச் செருகினால் வரும் ‘கவலை’ மட்டுமே தேறும். மற்ற எண்களும் இப்படிப் பயன்படும்: ஒன்றுக்குக் ‘க’, இரண்டுக்கு ‘உ’, நான்குக்குச் ‘ச’, ஏழுக்கு ‘எ’. ‘நாலைத் தொடர்ந்த மோகம் அடுப்படியில் நடக்கும் (4)’ என்பதில் நாலு ‘ச’ ஆகி, மோகம் ‘மையல்’ ஆகி, இரண்டும் ஒட்டிச் ‘சமையல்’ ஆகிவிடுகிறது.

உறுப்புகளைக் காட்டிலும் சுவையானவை உயிரும் மெய்யும். நம் இலக்கணக்காரர்கள் எழுத்துகளுக்கு உயிர், மெய் என்று பெயர் வைத்தபோது, பின்னால் வரப்போகும் புதிர் ஆசிரியர்களுக்குச் சொத்து எழுதி வைத்துவிட்டார்கள். ‘உயிர் நீத்த அவரை மலையாகக் காண்கிறோம் (2)’. அஞ்சலிக் கூட்டத்தில் யாரோ பேசுவது போன்ற இந்த வாக்கியத்தில், ‘அவரை’ என்பது மறைந்த பெரியவரும் அல்லர், கொடியில் காய்க்கும் காயும் அன்று. அ, வ, ரை என்ற எழுத்துகளில் உயிரெழுத்தாகிய ‘அ’ நீங்கினால் ‘வரை’. வரை என்றால் மலை. ‘மெய்மறந்த பாட்டு தரும் துன்பம் (2)’ என்பதில் மெய்யாகிய ‘ட்’ விழுந்துவிட, மிஞ்சுவது ‘பாடு’. படாத பாடு பட்டேன் என்கிறோமே, அந்தப் பாடு. எழுதும்போது ஒன்றாக இருக்கும் எழுத்து ஒலிக்கும்போது வேறாவது தமிழுக்கே உரிய வசதி. ‘பசு தந்ததும் மரம் தந்ததும் சேரும் இடத்தில் நின்று தெருவைப் பார்க்கலாம் (4)’ என்றால் பாலும் கனியும் சேர்ந்த ‘பால்கனி’. வாயால் சொல்லிப் பார்த்தால் ப வேறாக ஒலித்து விடை தப்பிவிடும், கண்ணால் பார்த்தால்தான் அகப்படும். ஆகவே குறிப்பை உரக்கப் படிக்காதீர்கள்.

இவையெல்லாம் புதிய குறும்பு அல்ல. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டினால், ஒரு மாத்திரையைக் குறைத்து வேறு சொல் காண்பது மாத்திரைச் சுருக்கம் என்றும், எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம் என்றும், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைப்பது கரந்துறை பாட்டு என்றும், முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கக் கிடப்பது மாலைமாற்று என்றும் பெயர் பெற்று நிற்பதைக் காணலாம். காலொடிந்த பாடம் மாத்திரைச் சுருக்கத்தின் பேரப்பிள்ளை. நாடக விதை கரந்துறை பாட்டின் கடைக்குட்டி. சீர்காழியைப் பாடிய திருஞானசம்பந்தரின் ‘யாமாமாநீ’ எனத் தொடங்கும் மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அவ்வளவு தூரம் நம்மால் போக முடியாது. புதிரில் திருப்புவது ஓரிரு எழுத்துத்தான். ‘கைதி திரும்பினால் மலைத்து நில் (2)’ என்பதற்குத் ‘திகை’. இங்கே நேர்ப்பொருள் ஏவலாக இருப்பதால் விடையும் ஏவலாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை, பன்மைக்குப் பன்மை என்று விடையின் வடிவத்தை நேர்ப்பொருளே சொல்லிவிடும்.

எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் வகையில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அங்கே 26 எழுத்துகளே மீண்டும் மீண்டும் வருவதால் எதைக் கலைத்தாலும் ஏதாவது ஒரு சொல் உருவாகும். நமக்கு 247 எழுத்துகள். கலைத்தால் சொல்லாகும் கூட்டம் அரிது. நகரம் கலைந்தால் நரகம் என்பதை நகைச்சுவையாக எல்லோரும் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். இந்த அரிதான தன்மை அமைப்பவருக்குத் தொல்லை, விடை காண்பவருக்கு நன்மை, ஏனெனில் மூன்று எழுத்தை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும், அதில் நான்கு விதம் வாயிலேயே நுழையாது. குழம்பிய, சிதறிய, கலங்கிய, தடுமாறிய, உருண்ட, ஆடிய என்ற சொற்களில் ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்திலுள்ள சொற்களின் எழுத்துகளை எண்ணுங்கள். எண்ணிக்கை அடைப்புக்குறி எண்ணோடு ஒத்தால் கலைத்துப் பார்க்கலாம். ‘தடுமாறிக் கை வாட மாதந்தோறும் கட்டுவது (3)’. கை, வா, ட என்ற மூன்றும் தடுமாறினால் ‘வாடகை’. உயிர்மெய்யை முழு எழுத்தாகவே எடுத்துக் கலைக்க வேண்டும் என்பதையும், ‘வாட’வுக்குப் பின் மகரம் வருவதால் ஒற்று மிகாமல் ஆசிரியர் தப்பித்திருப்பதையும் பாருங்கள். அதே குறிப்பைச் சொற்கள் இடம் மாற்றி எழுதியிருந்தால் ‘வாடத் தடுமாறி’ என்று தகர ஒற்று புகுந்து காரியம் கெட்டிருக்கும்.

இருபொருள் குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சிலேடை கேட்டு வளர்ந்த நமக்கு அவை கைவந்தவை. ‘தைக்கவும் படிக்கவும் உதவும் (2)’ என்றால் ‘நூல்’. ‘பொழுது சாயும் நேரம் கழுத்தில் விழும் (2)’ என்றால் ‘மாலை’. கட்டுமானச் சொல் எதுவுமே தென்படாமல் குறிப்பு மிகக் குறுகியதாக இருந்தால் இந்த வகையாக இருக்கும் என்று ஐயப்படலாம். இதற்குப் பயிற்சி வேண்டுமானால் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைப் புரட்டுங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் தரும் பெயர்களை அங்கே திரட்டி வைத்திருக்கிறார்கள். நிகண்டை எடுத்துவிட்டால் ஓரெழுத்தொருமொழிகளையும் ஒருமுறை எழுதிப் படித்துவிடுவது நல்லது. நன்னூல் அவற்றை 42 என்று கணக்கிடுகிறது. ஆ என்றால் பசு, ஏ என்றால் அம்பு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், பா என்றால் பாட்டு, வீ என்றால் மலர். பெரிய சொல்லின் ஓரத்திலோ நடுவிலோ ஒற்றை எழுத்து மிஞ்சும்போதெல்லாம் ஆசிரியர் இந்தச் சிறு பெட்டியிலிருந்துதான் எடுத்து ஒட்டுவார். ‘தோழியர் கூட்டத்தின் நடுவே சோலை இருந்தால் வானம் (4)’ என்ற குறிப்பு சங்கப் பாடலின் காட்சி போல மயக்கும். தோழியர் கூட்டம் ‘ஆயம்’, அதன் நடுவே ‘கா’, விடை ‘ஆகாயம்’. ‘அம்பின் பின்னே மாறுதல், எதிர்பார்த்தது கிட்டவில்லை (5)’ என்பதற்கு ‘ஏ’வும் ‘மாற்றமும்’ சேர்ந்த ‘ஏமாற்றம்’. கடைசியாகச் சொன்னதில் நேர்ப்பொருள் சற்றுத் தளர்ந்திருக்கிறது, வினைமுற்றைக் கொண்டு பெயரைக் குறிக்கிறது. கறாரான ஆசிரியர் ‘கிட்டாத நிலை’ என்று எழுதியிருப்பார்.

கட்டத்தில் ஏற்கெனவே நிரம்பிய எழுத்துகளிலிருந்து கிடைக்கும் உதவியைப் பலர் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. குறுக்கே போகும் சொல்லால் உங்களுக்கு ஒரு ‘ங்’ கிடைத்தால், அங்ஙனம் போன்ற அரிய சொல் நீங்கலாக, அடுத்த கட்டம் ககர வரிசை. ‘ந்’ கிடைத்தால் தகரமோ நகரமோ. க், ச், த், ப் என்ற நான்கும் தம் வரிசையை மட்டுமே அடுத்து ஏற்கும். சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. ‘ட்’, ‘ற்’ இரண்டும் தம் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் ஏற்கும். ‘ர்’, ‘ழ்’ என்றால் அவை தம்மோடு தாம் இரட்டிக்கா. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது, வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது; நின்றால் அது கப், பல்ப் போன்ற வந்தேறிச் சொல். ஆகவே புதிரைத் தொடங்கும்போது முதல் குறிப்பிலிருந்து வரிசையாக வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒளிந்திருக்கும் சொல்லும் கலைந்த சொல்லும் முதலில் அகப்படும்; அவற்றைப் போட்டுவிட்டு, அவை தரும் மெய்யெழுத்துகளைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றுக்குள் நுழையுங்கள்.

சற்றுத் தேறிய பிறகு இரண்டு செய்முறைகள் பின்னிய குறிப்புகள் வரும். ‘விருந்தில் தலைகாட்டிய கௌரவம் வானில் பறக்கும் (4)’. தலைகாட்டுவது என்றால் சற்று நேரம் வந்து போவது என்பது பேச்சு வழக்கு. புதிரிலோ விருந்து தன் தலையாகிய ‘வி’யை உண்மையாகவே காட்டுகிறது. அதை ஒட்டிக் கௌரவமாகிய ‘மானம்’ வந்தால் ‘விமானம்’. இதைவிட ஒரு படி மேலே, ‘படத்தின் உள்ளே கடைக்கண் வைத்தால் தின்னக் கிடைக்கும் (4)’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். திரையரங்கில் ஓரப்பார்வை பார்த்தால் முறுக்கு வாங்கித் தருவார்களோ என்று வாக்கியம் உங்களை இழுக்கும். ‘படத்தின்’ என்பதில் ‘அத்து’ சாரியை வந்திருப்பதால் மூலச் சொல் ‘படம்’. ‘உள்ளே வைத்தால்’ என்பது செருகும் கட்டளை. எதைச் செருகுவது? ‘கண்’ணையா? அப்படியானால் எழுத்து ஐந்தாகிவிடும், நமக்கு வேண்டியது நான்கு. ஆகவே ‘கடைக்கண்’ என்பதைக் கண் என்ற சொல்லின் கடை என்று பிரிக்க வேண்டும், அது ‘ண்’. டகரத்துக்கு முன் ணகர ஒற்று இயல்பாகப் பொருந்துவதால் இடமும் தெரிந்துவிடுகிறது: ‘பண்டம்’. தின்னக் கிடைப்பது. எல்லாச் சொல்லுக்கும் கணக்கு ஒப்பித்தாயிற்று.

கணக்கு ஒப்பிப்பது என்ற இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விடை கண்டவுடன் குறிப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, நீ என்ன வேலை செய்தாய் என்று கேளுங்கள். ஏதாவது ஒரு சொல் பதில் சொல்லாமல் நின்றால், பத்தில் எட்டு முறை விடை தவறு. மீதி இரண்டு முறை ஆசிரியர் வாக்கிய அழகுக்காக ஒரு சொல்லைச் செருகிவிட்டார், அது அவர் குற்றம். தொடக்கத்தில் ஒரு குறிப்பைக்கூட அவிழ்க்க முடியாத நாள் வரும். அப்போது விடைகள் வெளியான பழைய புதிரை எடுத்து, விடையைக் கையில் வைத்துக்கொண்டே குறிப்பைப் பிரித்துப் பாருங்கள். எது நேர்ப்பொருள், எங்கே வெட்டு, எந்த உருபு எதை ஏவுகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். நான் அப்படித்தான் கற்றேன், ஒரு மாதத்துக்கு மேல் ஆகவில்லை. அகராதியைப் பார்ப்பது ஏமாற்று வேலையாகுமோ என்று தயங்க வேண்டாம். திரை என்றால் அலை, வரை என்றால் மலை என்பது தெரியாமல் கட்டுமானத்தை மட்டும் சரியாகப் பிரித்தவர் அகராதியைத் திறந்து உறுதி செய்துகொண்டால், அவர் விடையை முழுதாகவே கண்டவர்தான்.